யாளியை வரையச் சொன்னால்...

தென்னிந்தியக் கோயில்களின் கல் மண்டபங்களுக்குள் நுழைந்தால், தூண்களிலிருந்து பாய்ந்து வெளியே வருவதுபோல் நிற்கும் ஒரு விலங்கைக் காணலாம். சிங்கத்தின் உடல், சுருள் சுருளான பிடரி, பிதுங்கிய கண்கள், முகத்திலிருந்து தொங்கும் யானைத் தும்பிக்கை. அதுதான் யாளி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் யாளிகள் வரிசையாக நிற்கின்றன. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் அதை உருட்டலாம். வெளியே எடுக்க முடியாது. எந்தக் காட்டிலும் வாழாத இந்த விலங்கு சிற்பிகளின் கற்பனையில் பிறந்தது. இன்று நாம் மாயக் கற்பனை ஓவியம் என்று சொல்வதை அவர்கள் உளியால் செய்து காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வகுப்பு ஒரு சிறுகதைத் தொகுப்பை வெளியிடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலில் மூழ்கிய ஒரு நகரத்தை ஒரு யாளி காவல் காக்கிறது என்பது முதல் கதை. அதற்கு ஓர் அட்டைப்படமும் உள்ளே நான்கு படங்களும் வேண்டும். "செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்போமே!" என்று ஒருவர் சொல்வார். "எந்தச் செயலி நல்லது?" என்று இன்னொருவர் கேட்பார். இந்தக் கேள்விக்கு விடை சொல்வது தோன்றுவதைவிடக் கடினம்.

செயலிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே வகைப் படங்களையே வரையச் சொல்லிப் பார்க்கிறார்கள். மலை உச்சியில் நெருப்பைக் கக்கும் டிராகன், பனிமூட்டத்தில் ஒரு கோட்டை, ஒளிரும் வாளுடன் ஒரு வீரன். எந்தப் படம் கண்ணைப் பறிக்கிறதோ, அதை வரைந்த செயலிக்கு முதலிடம் கொடுத்துவிடுகிறார்கள். இது போதிய சோதனை அன்று. டிராகனும் கோட்டையும் எல்லாச் செயலிகளுக்கும் தலைகீழ்ப் பாடம். மனப்பாடம் செய்த கட்டுரையை எழுதச் சொல்லி ஒரு மாணவரின் எழுத்துத்திறனை அளக்க முடியுமா? செயலி அதிகம் பார்த்திராத ஒன்றை வரையச் சொன்னால்தான் அதன் உண்மையான பலமும் பலவீனமும் வெளிப்படும். அதற்கு யாளியைவிடப் பொருத்தமான தேர்வு வினா கிடைப்பது அரிது.

சொல்லும் படமும்

முதலில், இச்செயலிகள் எப்படி வரைகின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பயிற்சியின்போது படங்களும் அவற்றை விவரிக்கும் சொற்களும் இணை இணையாகக் கணினிக்குக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படத்தின்மீதும் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவி, அதை அடையாளம் தெரியாதபடி கலைத்துவிடுகிறார்கள். ஒளிபரப்பு நின்றதும் பழைய தொலைக்காட்சித் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியுமே, அதுபோல. தூவிய புள்ளிகளை எப்படி நீக்குவது என்பதைக் கணினி கற்றுக்கொள்கிறது. நாம் "நிலவொளியில் ஒரு டிராகன்" என்று எழுதும்போது, அது வெறும் புள்ளிச் சிதறலில் தொடங்கி, நம் சொற்களுக்குப் பொருந்தும் திசையில் புள்ளிகளைப் படிப்படியாக நீக்கி ஒரு படத்தை வெளிக்கொணர்கிறது. தொடக்கச் சிதறல் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால், ஒரே வாசகத்துக்கு இருமுறை கேட்டால் இருவேறு படங்கள் கிடைக்கின்றன. எல்லாச் செயலிகளும் இதே முறையில் இயங்குவதில்லை. ஆனால் படத்தையும் சொல்லையும் இணைத்துக் கற்பது எல்லாவற்றுக்கும் பொது.

அப்படியானால், கற்பதற்கு எவ்வளவு படங்கள் கொடுக்கப்பட்டன? 2022 இல் வெளியிடப்பட்ட லயான்-5பி என்னும் தரவுத் தொகுப்பில், இணையத்திலிருந்து திரட்டிய 5.85 பில்லியன் படங்களுக்கான இணைப்புகளும் அவற்றின் விவரக் குறிப்புகளும் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 2.3 பில்லியன் குறிப்புகள் ஆங்கிலம் என்னும் ஒரே மொழியில் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பிற மொழிகள் அனைத்தும் சேர்ந்து பகிர்ந்துகொண்ட பங்கு ஏறத்தாழ 2.2 பில்லியன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் புகழ்பெற்ற செயலியின் முதல் பதிப்புகள் இத்தொகுப்பின் ஆங்கிலப் பகுதியிலிருந்தே பெரிதும் கற்றன.

இந்த எண்களில்தான் யாளியின் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மாயக் கற்பனைக் கதைகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1974 இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1993 இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' போன்ற விளையாட்டுகளுக்காக மட்டுமே எண்ணற்ற ஓவியங்கள் வரையப்பட்டுள்ளன. அவை இணையத்தில் ஏறும்போது "டிராகன்" என்ற சொல்லும் உடன் ஏறுகிறது. யாளியின் நிழற்படங்களும் இணையத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் சுற்றுப்பயணி ஒருவர் எடுத்த படத்தின் கீழ் "மதுரைக் கோயில் தூண்" என்றுதான் எழுதப்பட்டிருக்கும். சொல் இல்லாத படம் இச்செயலிகளுக்குப் பெயரில்லாத முகம் போன்றது. பார்த்திருந்தாலும் கூப்பிடத் தெரியாது.

நம் ஊர் மெர்லயனுக்கு வேறொரு வகைச் சிக்கல். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயனும் மனிதக் கற்பனையில் பிறந்ததே. சுற்றுப்பயணத் துறையின் சின்னமாக 1964 இல் ஃபிரேசர் புரூனர் என்பவர் அதை வடிவமைத்தார். சிற்பி லிம் நாங் செங் உருவாக்கிய 8.6 மீட்டர் உயரச் சிலை 1972 இல் சிங்கப்பூர் ஆற்றின் முகப்பில் நிறுவப்பட்டது. இன்று அதைப் படம் பிடிக்காத சுற்றுப்பயணி இல்லை. படத்தின் கீழ் அதன் பெயரையும் மறக்காமல் எழுதுகிறார்கள். அதனால் செயலிகளுக்கு மெர்லயனை நன்றாகத் தெரியும். ஆனால் அவற்றுக்குத் தெரிந்தது ஒரே மெர்லயன், ஒரே நிலை: வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும் வெள்ளைச் சிலை. "பவளப் பாறைகளுக்கு இடையே உறங்கும் மெர்லயன்" என்று கேட்டால், சொல்லின் பிடி தளர்ந்து, படம் மீண்டும் மீண்டும் அந்தச் சிலையை நோக்கியே சாயக்கூடும். தெரியாததை வரைவது ஒரு சோதனை என்றால், மிக நன்றாகத் தெரிந்ததை வேறு விதமாக வரைவது இன்னொரு சோதனை.

சில செயலிகள்

மாயக் கற்பனை ஓவியம் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் மிட்ஜர்னி. 2022 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இச்செயலி, தொடக்கத்தில் டிஸ்கோர்ட் உரையாடல் தளத்தின் வழியாக மட்டுமே இயங்கியது. பின்னர்த் தனி இணையத்தளமும் வந்தது. இதன் சிறப்பு அழகுணர்ச்சி. நாம் ஐந்தே சொற்களை எழுதினாலும், அதுவே ஒளியும் நிழலும் சேர்த்து, மேகத்தைப் பிளந்து ஒரு கதிரை இறக்கி, திரைப்படச் சுவரொட்டிபோல் ஒன்றைத் தந்துவிடும். குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாம் சொல்லாததையும் அது தன் விருப்பத்திற்குச் சேர்த்துக்கொள்ளும். இதை ஓரளவு அடக்கி வைக்கலாம். எந்த அளவுக்கு அலங்காரம் வேண்டும் என்பதைச் சுழியம் முதல் ஆயிரம் வரையிலான ஓர் எண்ணால் குறிப்பிடும் வசதி அதில் உண்டு. எண்ணைக் குறைத்தால் நம் சொல்லுக்கு அதிகமாகக் கட்டுப்படும். புதியவர்கள் பலர் இந்த வசதியைத் தொடுவதே இல்லை. பிறகு "நான் கேட்டது இது இல்லையே" என்கிறார்கள். மிட்ஜர்னிக்கு மாதக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் வகுப்புப் பொருளாளர் மறக்கக்கூடாது.

மிட்ஜர்னியை உலகம் முழுவதும் பேச வைத்தது ஒரு கற்பனை ஓவியம். 2022 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மின்னிலக்கக் கலைப் பிரிவில் ஜேசன் ஆலன் என்பவரின் படம் முதல் பரிசு பெற்றது. பிரம்மாண்டமான மண்டபத்தில் நீண்ட அங்கி அணிந்தவர்கள் நிற்க, பெரிய வட்டச் சாளரத்தின் வழியே ஒளிவெள்ளத்தில் ஒரு நிலப்பரப்பு தெரியும் காட்சி அது. செயலியால் உருவான படத்துக்குப் பரிசா என்று ஓவியர்கள் கொதித்தார்கள். ஆலன் தம் பங்கிற்கு, குறைந்தது 624 முறை வாசகங்களை எழுதியும் திருத்தியும் அந்தப் படத்தை அடைந்ததாகப் பின்னர்ப் பதிப்புரிமை அலுவலகத்திடம் தெரிவித்தார். செயலி உருவாக்கிய பகுதிகளுக்கு உரிமை கோராமல் விட்டுவிடுமாறு அலுவலகம் கேட்டது. அவர் மறுத்தார். 2023 செப்டம்பரில் அவரது விண்ணப்பம் முடிவாக நிராகரிக்கப்பட்டது. உழைப்பு இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த உழைப்பு வரைவதா, தேர்ந்தெடுப்பதா? நீங்கள் வகுப்பில் விவாதிக்கலாம்.

ஓபன்ஏஐ நிறுவனத்தின் வழி வேறு. 2021 இல் அது டால்-ஈ என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. ஓவியர் சால்வடோர் டாலியின் பெயரையும் 'வால்-ஈ' என்ற உயிரோவியப் படத்து இயந்திர மனிதனின் பெயரையும் கலந்து வைத்த பெயர் இது. இதன் மூன்றாம் பதிப்பு 2023 இல் சேட்ஜிபிடி உரையாடல் செயலிக்குள் இணைந்தது. 2025 மார்ச் மாதத்தில் அதற்குப் பதிலாகப் புதிய பட வசதி வந்தது. இவற்றின் பலம், வாக்கியத்தைப் புரிந்துகொள்வது. "யாளியின் இடப்பக்கம் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் கையில் பச்சை விளக்கு. யாளியின் கழுத்தில் சிவப்பு மணி." பழைய செயலிகளிடம் இப்படிக் கேட்டால் விளக்கு சிவப்பாகவும் மணி பச்சையாகவும் இடம் மாறிவிடும், சில வேளைகளில் மணி சிறுமியின் கழுத்துக்குப் போய்விடும். உரையாடல் செயலிகள் இதில் பெருமளவு தேறிவிட்டன. "மணியை மட்டும் பெரிதாக்கு" என்று அடுத்த வரியில் சொல்லலாம். தமிழிலேயே சொல்லலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி. படங்களைப் பொறுத்தவரை, இவை பலவேளைகளில் மிட்ஜர்னியின் கம்பீரத்தை எட்டுவதில்லை என்பது என் கருத்து. ஒழுங்கான, சற்றே மெழுகிய தோற்றம் வந்துவிடுகிறது. கூகலின் ஜெமினியும் இதே வழியில் செல்வதுதான். 2025 ஆகஸ்டில் வந்த அதன் புதிய வசதி, ஏற்கெனவே உள்ள ஒரு படத்தில் சொன்ன இடத்தை மட்டும் மாற்றுவதில் பெயர் பெற்றது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் வெளிவந்தபோது, அதை யாரும் பதிவிறக்கம் செய்து தம் கணினியிலேயே இயக்கலாம் என்ற நிலை உருவானது. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். பொறுமை அதைவிட அதிகமாக வேண்டும். முதல் முயற்சியில் கிடைக்கும் படங்கள் மற்றச் செயலிகளின் படங்களுக்குமுன் சோடை போகலாம். ஆனால் மற்றவற்றில் இல்லாத ஒன்று இதில் உண்டு: கற்றுக்கொடுக்கலாம். யாளிச் சிற்பங்களின் நிழற்படங்கள் சில பத்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான குறிப்பெழுதி, லோரா என்னும் முறையில் சிறு பயிற்சி அளித்தால், யாளி என்ற சொல்லை அது கற்றுக்கொள்ளும். வகுப்பறையில் நாம் செய்வதும் இதைத்தானே! தமிழில் கட்டளை எழுத மட்டும் இதை நம்ப வேண்டாம். இதன் தொடக்கப் பதிப்புகளில் சொற்களைப் படிக்கும் பகுதி ஆங்கிலக் குறிப்புகளால் பழக்கப்பட்டது. மேலும், தனிக் கணினியில் இயங்கும்போது தகாத படங்களைத் தடுக்கும் வேலி உறுதியாக இராது. பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது. மற்றச் செயலிகளிலும் கணக்குத் தொடங்க வயது வரம்பு உண்டு. பெற்றோர் ஒப்புதல் தேவைப்படலாம்.

யாளித் தேர்வு

இப்போது தேர்வுக்கு வருவோம். முதல் கட்டத்தில் "யாளி" என்ற பெயரை மட்டும் கொடுங்கள். சாதாரணச் சிங்கமோ, தங்க அணிகலன் பூட்டிய ஏதோ ஒரு கிழக்கத்திய விலங்கோ, சிறகு முளைத்த டிராகனோ வரலாம். எது வந்தாலும் அழகாகவே வரும். இங்கேதான் கவனம் தேவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் படச் செயலிகளுக்கு இல்லை. எழுத்தில் பிழையான விடையைப் படித்தால் நமக்கு ஐயம் எழும். பளபளக்கும் படம் அந்த ஐயத்தை எழவிடாது.

இரண்டாம் கட்டத்தில் பெயரை விட்டுவிட்டு உருவத்தை விவரியுங்கள். சிங்கத்தின் உடல், யானையின் தும்பிக்கை, பிதுங்கிய வட்டக் கண்கள், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் நிலை, கருங்கல் நிறம். முடிவு கட்டாயம் மேம்படும். ஆனால் பாதி சிங்கமாகவும் பாதி யானையாகவும் ஒட்டுப்போட்டதுபோல் சில படங்கள் வரும். சிறகு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். உடனே நீங்கள் "சிறகு வேண்டாம்" என்று சேர்த்து எழுதுவீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று வைத்தியர் சொன்ன கதை நினைவிருக்கிறதா? "வேண்டாம்" என்ற சொல்லைவிடச் "சிறகு" என்ற சொல்லே செயலியை வலுவாக இழுக்கும்; சிறகு இன்னும் பெரிதாகலாம். இதனால்தான் மிட்ஜர்னியிலும் ஸ்டேபிள் டிஃப்யூஷனிலும் தவிர்க்க வேண்டியவற்றைக் குறிப்பிடத் தனி வழி வைத்திருக்கிறார்கள். உரையாடல் செயலிகளில் "வழவழப்பான வெறும் முதுகு" என்பதுபோல் இருப்பதைச் சொல்வது பலன் தரும்.

மூன்றாம் கட்டத்தில், யாளிச் சிற்பத்தின் நிழற்படம் ஒன்றைச் செயலியிடம் காட்டி, "இந்த விலங்கு கடலடி நகரத்தின் வாசலில் நிற்கட்டும்" என்று கேளுங்கள். சொற்களால் எட்ட முடியாத தொலைவைப் படம் ஒரே தாவலில் கடந்துவிடும். புதிய கவலை ஒன்றும் பிறக்கும். மெர்லயனைப்போல இப்போது யாளியும் சிலையாகவே உறைந்துவிடலாம். "உயிருள்ள விலங்கு, ஈரமான தோல், அசையும் பிடரி" என்று உயிரூட்டும் சொற்களைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஐந்து படங்கள் தேவை என்று சொன்னோம் அல்லவா? உண்மையான தலைவலி இரண்டாவது படத்தில்தான் தொடங்குகிறது. அட்டையில் வலப்பக்கம் சுருண்டிருந்த தும்பிக்கை உள்ளே இடப்பக்கம் சுருளும். தந்தம் இரண்டு நான்காகும். பிடரியின் சுருள்கள் மறைந்து நேராகும். ஒரு படத்தை அழகாக வரைவது வேறு, ஒரு பாத்திரத்தை ஐந்து பக்கங்களுக்கு மாறாமல் வைத்திருப்பது வேறு. முதல் படத்தையே மாதிரியாகக் காட்டி அடுத்ததை வரையச் சொல்லும் வசதி மிட்ஜர்னியிலும் ஜெமினியிலும் சேட்ஜிபிடியிலும் இப்போது இருக்கிறது. கதைக்குப் படம் வரைவோர் செயலிகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். அட்டைப்பட அழகு பிறகு.

நான்காவது ஒரு வழியும் உண்டு. பென்சிலால் நீங்களே யாளியின் கோட்டுருவத்தை வரைந்து செயலியிடம் கொடுப்பது. நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. தும்பிக்கை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைகிறது, முன்கால் எவ்வளவு உயரம் என்பது தெளிவாக இருந்தால் போதும். ஸ்டேபிள் டிஃப்யூஷனுடன் சேர்த்துப் பயன்படுத்தும் கண்ட்ரோல்நெட் என்னும் கருவி 2023 இல் வந்தது. அது நம் கோடுகளைக் கறாராகப் பின்பற்றி நிறமும் ஒளியும் சேர்க்கும். மற்றச் செயலிகளும் கோட்டுருவத்தை ஏற்கின்றன. பின்பற்றும் கண்டிப்பில்தான் வேறுபாடு. வகுப்பில் ஓவியம் வரையும் மாணவர் ஒருவர் இருந்தால், எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் கைக்கோடுகளிலிருந்தே தொடங்குங்கள். ஐந்து படங்களிலும் யாளி ஒரே யாளியாக இருப்பதற்கு அதுவே எளிய வழி.

தலைப்பெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். அட்டையில் "ஆழ்கடல் யாளி" என்று எழுதித் தரும்படி செயலியிடம் கேட்காதீர்கள். ஆங்கில எழுத்துகளை இவை இப்போது ஓரளவு ஒழுங்காக எழுதுகின்றன. தமிழில் கொம்பும் காலும் இடம் மாறும். 'ழ' எழுத்து, ளகரமும் இல்லாமல் யகரமும் இல்லாமல் புதிய பிறவி எடுக்கும். படத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, தலைப்பை வேறு மென்பொருளில் தட்டச்சு செய்து சேர்ப்பதே நல்லது.

யாருடைய கைவண்ணம்?

செயலிகள் எங்கிருந்து கற்றன என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டும். போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி டிராகன்களையும் போர்க்களங்களையும் செவ்வியல் ஓவியச் சாயலில் வரைபவர். மேலே சொன்ன இரண்டு விளையாட்டுகளுக்கும் ஓவியம் வரைந்திருக்கிறார். தம் படங்களை இணையத்தில் ஏற்றும்போது, பார்வைக் குறையுடையோருக்கும் பயன்படும்படி ஆங்கிலத்தில் விளக்கக் குறிப்புகளைச் சேர்ப்பது அவர் வழக்கம். நல்ல குறிப்புகளோடு இருந்த அந்தப் படங்கள் செயலிகளுக்கு மிகச் சிறந்த பாடமாகிவிட்டன. 2022 இல் "கிரெக் ருட்கோவ்ஸ்கி பாணியில்" என்ற தொடரைப் பயனர்கள் பல்லாயிரக்கணக்கான முறை எழுதினார்கள். இணையத்தில் தம் பெயரைத் தேடினால் தாம் வரையாத படங்கள் வந்து நிற்கும் நிலையைப் பற்றி அவர் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இரண்டாம் பதிப்பில் அவர் பெயருக்கு முன்போல் பலன் இல்லை. சில பயனர்கள் கோபப்பட்டனர். அடுத்த ஆண்டில், அவர் பாணியைத் திரும்பக் கொண்டுவரும் லோரா ஒன்றை யாரோ உருவாக்கி வெளியிட்டனர். யாளியைக் கற்பிக்க உதவும் அதே கருவிதான். இங்கே ஒருவர் வேண்டாம் என்றதை மீட்கப் பயன்பட்டது.

சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர்கள் சிலர் மிட்ஜர்னி, ஸ்டெபிலிட்டி ஏஐ ஆகிய நிறுவனங்கள் உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூனில் டிஸ்னி, யுனிவர்சல் நிறுவனங்களும் மிட்ஜர்னிமீது வழக்குத் தொடுத்தன. சிங்கப்பூரின் 2021 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறையாக அணுகிப் பெற்ற படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்கச் சில நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது. பொதுவாகப் பதிப்புரிமை ஒரு படைப்பைக் காக்கிறது, பாணியைக் காப்பதில்லை. 2025 மார்ச்சில் ஜிப்லி கலைக்கூடத்தின் பாணியில் குடும்பப் படங்களை மாற்றுவது உலகெங்கும் பரவியபோது எழுந்த விவாதமும் இதைப் பற்றியதுதான். சட்டம் அனுமதிப்பது எல்லாம் நியாயமாகிவிடுமா என்பது தனிக் கேள்வி. உயிருடன் இருந்து, வரைந்து பிழைக்கும் ஒருவரின் பெயரைக் கட்டளையில் எழுதாமலும் நல்ல படம் பெறலாம். "கடல்நீலமும் செம்பும் கலந்த நிறங்கள், தடித்த தூரிகைக் கோடுகள், கீழிருந்து மேல் நோக்கும் கோணம்" என்று எழுதினால், நமக்கு வேண்டியது என்ன என்பதை நாமும் தெரிந்துகொள்கிறோம்.

இந்தக் கவலை இல்லாத செயலி வேண்டுமென்றால், அடோபியின் ஃபயர்ஃபிளையைப் பார்க்கலாம். 2023 இல் வந்த இது, அந்நிறுவனத்தின் சொந்தப் படக் களஞ்சியம், திறந்த உரிமத்தில் உள்ள படங்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டு பயிற்சி பெற்றதாக அடோபி அறிவித்துள்ளது. நிழற்படத்தன்மை கொண்ட காட்சிகளுக்கு நன்றாகப் பொருந்தும். மாயக் கற்பனையின் துணிச்சல் இதில் சற்றுக் குறைவு. ஒரு பள்ளி வெளியீட்டுக்கு அந்தக் குறை பெரிதன்று.

எதைப் பயன்படுத்தினாலும், நூலின் உள்பக்கத்தில் சில வரிகளை ஒதுக்குங்கள். கோட்டுருவத்தை வரைந்த மாணவர் யார், எந்தச் செயலியின் எந்தப் பதிப்பு அதற்கு வண்ணம் சேர்த்தது, படத்தில் எவற்றை நீங்கள் கையால் திருத்தினீர்கள் என்பவற்றை அங்கே எழுதலாம். மாதிரியாகக் காட்டிய யாளி எந்தக் கோயிலின் எந்த மண்டபத்தில் நிற்கிறது, அந்த நிழற்படத்தை எடுத்தவர் யார் என்பதும் அதே வரிகளில் இடம்பெற வேண்டும்.